பள்ளியை நீக்கினால் போதுமா?
இவான் இல்லிச்சின் நூல் குறித்த ஒரு திறனாய்வு

கல்வி என்றதும் பள்ளிக்கூடம், பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. கற்றல் வேறு, பள்ளிக்குச் செல்லுதல் வேறு என்பதை வன்மையாக எடுத்துரைத்த நூல் 1971இல் வெளிவந்த 'டீஸ்கூலிங் சொசைட்டி'. அதன் ஆசிரியர் இவான் இல்லிச் 1926இல் வியன்னாவில் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவாக நியூயார்க்கிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பணியாற்றியவர். திருப்பணியாளர்கள் இந்நூலைக் கருத்தூன்றிக் கற்கவேண்டும். ஆனால், அப்படியே ஏற்றல் ஆகாது என்பது நம் எண்ணம்.

நூலின் மையக் கருத்து இறையியல் சார்ந்தது. பள்ளியே இக்காலத்தின் அரசு சபை என்கிறார் இல்லிச். வருகை கட்டாயம், வகுப்பேற்றம் சடங்கு, மீட்பு வாக்களிக்கப்படுகிறது, ஏழைக்கோ அது எட்டுவதில்லை. எட்டாமைக்குத் தானே காரணம் என்றும் அவன் நம்பக் கற்கிறான். ஆகவே சபையை அரசினின்று பிரித்ததுபோலப் பள்ளியையும் பிரிக்கவேண்டும் என்கிறார். அதற்கு ஈடாக நான்கு ஏற்பாடுகளைக் கூறுகிறார்: கற்றற் கருவிகளை யாவரும் அணுகும் வசதி, திறனுடையோர் பட்டியல், ஒத்த நாட்டமுடையோரை இணைத்தல், தேர்ந்த ஆசான்களைப் பற்றிய குறிப்பேடு.

நூலில் நம்மை மிகவும் ஈர்ப்பது 1956ஆம் ஆண்டு நிகழ்ச்சி. நியூயார்க் உயர்மறைமாவட்டத்தின் ஆசிரியர், சமூகப் பணியாளர், குருக்கள் எனப் பல நூறு பேர், போர்ட்டோ ரிக்கோ மக்களோடு உரையாட ஸ்பானிய மொழி கற்கவேண்டியிருந்தது. இல்லிச்சின் நண்பர் வானொலியில் அழைப்பு விடுத்தார். மறுநாள் ஏறத்தாழ இருநூறு இளைஞர் வந்து நின்றனர். அவர்களுள் நான்கு டஜன் பேரைத் தெரிந்தெடுத்தார்; பலர் பள்ளியை இடையில் விட்டவர்கள். ஒரு வாரப் பயிற்சிக்குப்பின் ஒவ்வொருவரும் நால்வருக்குக் கற்பித்தனர். ஆறு மாதங்களில், 127 பங்குகளில் குறைந்தது மூவர் ஸ்பானிய மொழி பேசக்கூடியவராயினர் என்று கர்தினால் ஸ்பெல்மன் கூற முடிந்தது.

இச்சான்றிலேயே நாம் இரு குறைகளைக் காண்கிறோம். முதலாவது, கற்றவர்கள் தம் தேவையை நன்கறிந்த, முன்னரே படித்த பெரியவர்கள். அவர்களுக்காக வானொலியையும் பாடநூலையும் பயன்படுத்தி ஏற்பாடு செய்தது ஒரு வலிமைமிக்க நிறுவனம். எதைக் கேட்பதென்றே அறியாத குழந்தைக்கு இவ்வழி எங்ஙனம் உதவும்? இரண்டாவது, கர்தினாலின் கணக்கோடு கதை முடிகிறது. கற்பித்த இளைஞர் பின்னர் என்ன ஆயினர்? திறமை இருந்தும் உலகம் அவர்களிடம் சான்றிதழையே கேட்டிருக்கும். பணியமர்த்தலில் அத்தகைய பாகுபாட்டைச் சட்டத்தால் தடுக்கவேண்டுமென இல்லிச் கோருவது உண்மையே. ஆயினும் அச்சட்டம் வரும்வரை, பள்ளி மூடப்படின் முதலில் இழப்பவர் எளியோரே.

காலமும் இதனை உறுதிப்படுத்துகிறது. கணினி வழியாக ஒத்த நாட்டமுடையோரை இணைக்கலாம் என்று இல்லிச் அன்றே எழுதினார். இன்று அது கைப்பேசியிலேயே இயல்கிறது. சான்றிதழின் ஆட்சியோ ஒழியவில்லை. 2002இல் மறைந்த இல்லிச், தம் நூல் குறிதவறியது எனப் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். பள்ளியைவிட, மனிதனுக்கு வாழ்நாளெல்லாம் கல்வி புகட்டவேண்டும் என்ற எண்ணத்தையே ஆராய்ந்திருக்கவேண்டும் என்று கருதினார்.

எனினும், அந்த நிகழ்ச்சியில் இல்லிச் நின்று நோக்காத ஒன்று நமக்குரியது. அருட்பொழிவு பெற்ற குருக்கள், பள்ளியை விட்ட ஏழை இளைஞர்முன் மாணவராய் அமர்ந்தனர். ஸ்பானிய மொழியைவிட அரிய பாடம் அதுவே அன்றோ? பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்று கண்டு ஆலோசனைச் சங்கத்தார் வியந்ததை (அப். 4:13) நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். நம் சபையிலுள்ள உழவரிடமும் மீனவரிடமும் கூலிப்பெண்ணிடமும் நாம் கடைசியாகக் கற்றது எப்போது? பள்ளியை நீக்குவது நம் கையில் இல்லை. பிரசங்க பீடத்தினின்று இறங்கிவந்து மாணவராய் அமர்வது நம் கையில்தான் உள்ளது.