கட்டுரைக்கு முந்தைய வகுப்பு

கல்லூரி திறந்ததும் புது மாணவர்களுக்கு நூலக அலமாரிகளைச் சுற்றிக்காட்டும் சடங்கு யாருக்கும் உதவியதாகத் தெரியவில்லை. கட்டுரை எழுதித் தர வேண்டிய நெருக்கடி வந்த பிறகுதான் காது திறக்கும்.

அந்த நேரத்தைக் கச்சிதமாகப் பிடித்தவர் ஈவன் ஃபார்பர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள எர்ல்ஹம் கல்லூரியில் 1962 முதல் 1994 வரை நூலகர். பேராசிரியர்களோடு பேசி, பாடத்தில் கொடுத்த கட்டுரைத் தலைப்பையே எடுத்துக்கொண்டு, அதற்கு எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தார். கலைக்களஞ்சியத்தில் தொடங்கி, அதன் நூற்பட்டியலைப் பிடித்து, ஆய்விதழ்களின் சுட்டி வழியாக ஆய்வுக் கட்டுரைக்குப் போய்ச் சேர்வதுதான் அந்தக் காலத்துத் தேடல். பேராசிரியர்களைச் சம்மதிக்க வைப்பதிலேயே பாதி வேலை முடிந்திருக்கும். அந்தப் பாதியை யாரும் பாராட்டுவதில்லை!

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது நூலகரின் பொறுமை. விடை தெரிந்தாலும் சொல்லமாட்டார். “இதை எழுதியது யார்? எதை வைத்துச் சொல்கிறார்?” என்று மாணவனையே கேட்பார். பட்டியல் அட்டைகள் போய்க் கணினி வந்தும் அந்தக் கேள்விகள் மாறவில்லை. விக்கிப்பீடியாவைப் பார்க்காதே என்று விரட்டாமல், அதன் அடிக்குறிப்புகளிலிருந்து தேடத் தொடங்கு என்கிற இன்றைய நூலகர்கள் ஃபார்பரின் வாரிசுகள்தான்.