புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் புலம்பெயர்வு: ஒரு மறுவாசிப்பு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைக் கூறும் கதை என்றே ‘துன்பக்கேணி’ (1935) நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. இவ்வறிமுகம் கதையின் முற்பகுதியை வெறும் முன்னுரையாக்கிவிடுகிறது.

கதைத் தலைப்பு பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலில் பயின்றுவரும் தொடர். பிஜித் தீவின் ஒப்பந்தக் கூலிப் பெண்களைப் பற்றிய அப்பாடலில் துன்பம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அப்பெண்கள் ஏங்கும் தாய்நாடோ இப்பால் இருக்கிறது. அதே நெல்லைச் சீமையைச் சார்ந்த புதுமைப்பித்தன் தொடரை ஏற்றுக்கொண்டு இவ்வெல்லையை அழித்துவிடுகிறார். கணவன் வெள்ளையன் சிறை செல்ல, சேரிப் பெண்ணாகிய மருதிக்கு வாசவன்பட்டியில் பிழைக்க வழியில்லை. கங்காணியின் சொல் எடுபடுவது அதனாலேயே. கேணி தோட்டத்தில் தோண்டப்பட்டதன்று, ஊரிலேயே தோண்டப்பட்டது.

அப்டன் சின்கிளேரின் ‘தி ஜங்கிள்’ (1906) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சிகாகோ இறைச்சித் தொழிற்கூடங்களை நம்பிச் சென்ற லித்துவேனியக் குடும்பத்தில், மேலாளின் இச்சைக்கு மனைவி இரையாக்கப்படுகிறாள். அவனைத் தாக்கிய கணவன் சிறைப்படுகிறான். மருதியும் தோட்ட அதிகாரத்தின் இச்சைக்கு இரையாகிறாள். எனினும் வெள்ளையனின் சிறை புலம்பெயர்வுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. இவ்வரிசை மாற்றத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே கருதுகிறேன். சின்கிளேர் தம் நாயகனை இறுதியில் சோசலிசக் கூட்டத்தில் அமர்த்தி ஆறுதல் தேடுகிறார் (நாவலின் தளர்ந்த பகுதியும் அதுவே). புதுமைப்பித்தனிடம் அத்தகைய புகலிடம் இல்லை.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டவேண்டும். சின்கிளேரின் சிகாகோவில் ஐரிஷ்காரர், போலந்தினர், லித்துவேனியர் என அடுத்தடுத்து வந்தோர் கூலிக்காக ஒருவரோடொருவர் மோதவிடப்படுகின்றனர். ‘துன்பக்கேணி’யின் மலைநாட்டிலோ சிங்களக் குடியானவர் கதையின் மையத்திற்கு வருவதேயில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ்த் தோட்டத் தமிழரின் வாக்குரிமை நிலையான குடியிருப்போடு பிணைக்கப்பட்டுப் பூசல் வலுத்திருந்த காலம் அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டத்தைத் தனித் தீவாகக் காட்டும் கதையைக் கொண்டு அந்நிகழ்வை விளக்க இயலாது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தோரை அரசு ‘தாயகம் திரும்பியோர்’ என்றழைத்தது. மருதியின் வாசவன்பட்டியை வாசித்தபின், அத்தொடரின் முதற்சொல் எவருக்கு எவ்வகையில் பொருந்தும் என்பது தனி ஆய்வுக்குரியது.