அழிக்க முடியாத கரும்பலகை

'கூட்டுக் கற்றல்' என்ற சொல்லாடலைப் பல்கலைக்கழகங்களில் இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. நல்ல விஷயந்தானே, இதிலே கேட்க என்ன இருக்கு என்பார்கள். கேட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

மூடுல் என்ற கற்பித்தல் மென்பொருள் 2002இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அதை உருவாக்கியவர் மார்ட்டின் டூகியாமாஸ். அறிவு என்பது ஆசிரியர் ஊற்ற மாணவர் குடிப்பதல்ல, பலர் சேர்ந்து செய்கையில் உருவாவது என்ற சிந்தனையே அதன் அடித்தளம். விவாத அரங்கு, கூட்டாக எழுதும் விக்கி, மாணவர்களே ஒருவர் எழுத்தை மற்றவர் மதிப்பிடும் பட்டறை எல்லாம் அதில் உண்டு. விரிவுரையாளர் பலரின் கையில் அது என்ன ஆயிற்று? பாடக்குறிப்பை ஏற்றி வைக்கும் அலமாரி. ஒப்படைப்பை வாங்கிப் போடும் பெட்டி. 2014இல் வந்து, 2020 ஊரடங்கின்போது இந்தியக் கல்லூரிகளில் பரவிய கூகுள் கிளாஸ்ரூமுக்கும் இதே கதிதான்.

விரிவுரையாளருக்குச் சோம்பேறித்தனம் என்று திட்டி முடித்துக்கொள்வது சுலபம். எனக்குப் படுவது வேறு. கூகுள் டாக்ஸில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால், யார் எந்த வரியை எப்போது எழுதினார், எதை அழித்தார் என்பதெல்லாம் ஆளுக்கொரு நிறத்தில் திருத்த வரலாற்றில் கிடக்கிறது. சேர்ந்து எழுதச் சொல்லிவிட்டு ஆள் ஆளாய்ப் பிரித்து மதிப்பெண் போட இதைவிட வசதி உண்டா? விரிவுரையாளர் மட்டும் தப்பினாரா என்றால் அதுவும் இல்லை. எப்போது நுழைந்தார், எதை ஏற்றினார் என்பது மூடுலின் பதிவேட்டில் நிற்கிறது. கோபுரத்தில் நிற்பவரும் கண்காணிப்புக்குள்தான் என்று ஃபூக்கோ 1975இலேயே எழுதிவிட்டார். பதிவாகும் இடத்தில் யார் துணிந்து பேசுவார்? குறிப்பை ஏற்றிவிட்டு ஒதுங்குவது விரிவுரையாளரின் தற்காப்பு. 'நன்றி ஐயா' என்று இட்டுவிட்டு நகர்வது மாணவரின் தற்காப்பு.

கரும்பலகையில் மாணவர் தப்பாக எழுதினால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். தப்பு தூசியோடு போயிற்று. சேர்ந்து யோசிக்க முதலில் வேண்டியது இந்த உளறும் உரிமை. அது ஆசிரியர் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் மாணவர்க்குக் கிடைக்கிறது. அங்கே உளறினால் மதிப்பெண் குறையாது. மேடைக்குள்ளும் அதைத் தரலாம்: மதிப்பெண் இல்லாத ஒரு பக்கம், திருத்த வரலாற்றைத் திறப்பதில்லை என்ற ஒரு வாக்கு. இதற்குப் புது மென்பொருள் வேண்டாம். கைக்கெட்டிய அதிகாரத்தைப் பயன்படுத்தாமலிருக்க விரிவுரையாளருக்கு மனசு வேண்டும்; அவரைச் சும்மா விட நிர்வாகத்துக்கும் மனசு வேண்டும்.