இராஜதந்திரக் கனவுக்கு மாதத் தவணை எவ்வளவு?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் கண்டித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு எழும். மகள் கலைப்பிரிவில் நன்றாகச் செய்திருக்கிறாள். சர்வதேச உறவுகள் படித்துத் தூதரகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்கிறாள். கிடைக்கிற அரச பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா, கடன்பட்டாவது தனியார் நிறுவனத்தில் சேர்ப்பதா? திருச்சியிலும் மதுரையிலும் இதே பேச்சு நடக்கிறது. அங்கே தகப்பன் வங்கிக்குப் போகிறார். இங்கே தாயின் நகை அடகுக்குப் போகிறது.

இலங்கையில் 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயனாக அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணம் கிடையாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியலின் ஒரு பகுதியாகச் சர்வதேச உறவுகளைப் படிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனித் துறையே உண்டு. 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. பேராதனையைச் சுற்றி அறை எடுத்துத் தங்கி மூன்று வேளை சாப்பிட அது போதாது. ஆனாலும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் அல்ல.

இங்கே மாணவர் படும் கடன் வேறு வகையானது. அதைக் காலத்தால் கட்டுகிறார்கள். அனுமதிக்காகக் காத்திருப்பது, கொரோனா மூடல், 2024இல் வாரக்கணக்கில் நீண்ட கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் என்று நான்கு வருடப் படிப்பு இழுபடுகிறது. பத்தொன்பது வயதில் உயர்தரம் எழுதிய பிள்ளை இருபத்தைந்து, இருபத்தாறில் பட்டத்தோடு வெளியே வருகிறாள். உழைத்திருக்கக் கூடிய அந்த வருடங்களின் சம்பளத்தை எந்த வங்கிக் கணக்கிலும் காண முடியாது. கலைப்பீடப் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இந்தியாவில் கடன் தாளில் இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுகள் பள்ளியில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கிப் பிறகு அங்கே இணைந்த பள்ளி அது. இடம் கிடைக்காதவர்கள் ஆண்டுக்குப் பல இலட்சம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்களை நாடுகிறார்கள். 7.5 இலட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணை இல்லாமல் கொடுக்கின்றன; பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. வட்டி மட்டும் நிற்பதில்லை. 2009இல் வந்த மத்திய அரசின் வட்டி மானியத் திட்டமும் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கே உரியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 2.5 இலட்சமாகப் பத்து சதவீத வட்டிக்கு எடுத்தால், தவணை தொடங்கும்போது கடன் 9.75 இலட்சமாகியிருக்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 12,900 இந்திய ரூபாய் வேண்டும். சென்னையில் முதல் வேலையில் மாதம் இருபத்தைந்தாயிரம் வாங்கும் ஒருவருக்கு அது பாதிச் சம்பளம்.

இலங்கையிலும் 2017 முதல் வட்டியில்லாக் கடன் உண்டு. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, அரசு அங்கீகரித்த தனியார் பாடநெறிகளுக்கு மட்டும் அது கிடைக்கும். தொடக்கத்தில் கற்கைக் கட்டணத்துக்கு 8 இலட்சம் வரை கொடுத்தார்கள். எட்டு ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 8,300 ரூபாய். 2020இல் அரசு சேர்த்துக்கொண்ட பட்டதாரிப் பயிலுநர்களுக்கு மாதக் கொடுப்பனவு 20,000. வட்டியே இல்லாத கடனும் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கியிருக்கும். வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் கட்டியவர்களின் நிலை இன்னும் மோசம். 2022இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டது. பெற்றோர் போட்டு வைத்த கணக்கெல்லாம் பொய்த்துப் போனது.

தேர்தல் காலத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. தமிழ்நாட்டில் கட்சிகள் கல்விக்கடன் தள்ளுபடி தருவதாக வாக்குறுதி அளிக்கின்றன. இலங்கையில் பட்டதாரிகளுக்கு அரச வேலை தருவதாக வாக்குறுதி அளிக்கின்றன. அப்படிக் கிடைத்த வேலை பலருக்குப் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவியாக முடிந்தது. சர்வதேச உறவுகள் படித்ததற்காக அங்கே ஒரு ரூபாயும் கூடுவதில்லை.

வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை. இரு நாடுகளிலும் வரலாறோ பொருளியலோ படித்தவரும் எழுதலாம். எழுதுபவர்கள் ஏராளம், எடுக்கப்படுபவர்கள் மிகச் சிலர். இலங்கையில் அந்தப் பரீட்சை வருடந்தோறும் வைக்கப்படுவதுமில்லை. ஆகவே தூதுவரின் சம்பளத்தை மனதில் வைத்துக் கடன் எடுப்பது தவறு. அரசசார்பற்ற நிறுவனத்திலோ பள்ளிக்கூடத்திலோ கிடைக்கும் முதல் சம்பளத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தவணை அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வேண்டாம் என்பேன்.

பேராதனையில் இடம் கிடைத்த பிள்ளை அதை விடக் கூடாது. ஆங்கிலமும் சிங்களமும் அவளுக்குத் தனியார் பட்டத்தை விடப் பெரிய முதலீடு. சர்வதேச உறவுகளை முதுகலையில் எடுத்துக்கொள்ளலாம். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் கிடைத்தால் அந்தப் படிப்புக்கு இந்தியப் பல்கலைக்கழகத்திலேயே கடனில்லாமல் சேரலாம். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியமும் உண்டு. உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது உதவுகிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் இவற்றைப் பற்றி விசாரிக்கலாம். நகையை அடகுக்குக் கொண்டு போகிற பெற்றோர் முதலில் அங்கே போய்க் கேட்டு வரட்டும்.