தோட்டா இல்லாத வின்செஸ்டர்

நான் வாழ்க்கையில் சுட்டது மெரினா பீச்சில் பலூன்களை மட்டும்தான். அதிலும் பாதி தப்பித்துக்கொண்டன. மான் வேட்டைத் தோட்டா பற்றி எழுத உனக்கு என்னய்யா தகுதி என்று கேட்டால், சினிமா பார்ப்பவனின் தகுதிதான்.

சமீபத்தில் 'வின்செஸ்டர் '73' படத்தை மறுபடி பார்த்தேன். 1950-ல் வந்த கறுப்பு வெள்ளை கௌபாய் படம். நடிப்பு ஜேம்ஸ் ஸ்டூவர்ட். டைரக்டர் ஆன்டனி மான். (இந்தக் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!) ஆனால் படத்தின் நிஜ ஹீரோ ஸ்டூவர்ட் அல்ல, துப்பாக்கி. டாட்ஜ் சிட்டியில் 1876 ஜூலை 4 அன்று நடக்கும் போட்டியில் பரிசாகக் கிடைக்கும் 'ஆயிரத்தில் ஒன்று' என்ற அபூர்வ ரைபிள். நமக்கு 'ஆயிரத்தில் ஒருவன்' எம்.ஜி.ஆர். மாதிரி. வின்செஸ்டர் கம்பெனி நிஜமாகவே இப்படி ஒரு ரகம் விற்றது. சுட்டுப் பார்த்ததில் குறி பிசகாத குழல்களைத் தனியாகப் பொறுக்கி, அதிக விலைக்கு. மொத்தம் நூற்றுமுப்பதைச் சுற்றித்தான் செய்தார்கள்.

ஸ்டூவர்ட் ஜெயித்த ரைபிளை வில்லன் திருடிக்கொண்டு ஓடுகிறான். இங்கேதான் எனக்குப் பிடித்த காட்சி. உலகத்திலேயே உசத்தியான ரைபிள் கையில் இருக்கிறது, போட ஒரு தோட்டா இல்லை! வழியில் ஒரு சாராயக் கடை. அங்கே ஆயுத வியாபாரி ஒருவன், இவர்கள் அவசரத்தைப் பார்த்து விலையை ஏற்றுகிறான். கடைசியில் ரைபிளே அவனிடம் போய்விடுகிறது. தோட்டா இல்லாவிட்டால் வின்செஸ்டர் வெறும் கைத்தடி என்ற உண்மையைப் படம் ஐந்து நிமிஷம் ஞாபகம் வைத்திருக்கிறது. அப்புறம் மறந்துவிட்டு மறுபடி துப்பாக்கிக்குப் பூஜை.

எல்லா கௌபாய் படங்களிலும் இதே கதைதான். லீவரைப் படக்கென்று கீழே தள்ளி மேலே இழுக்கும் அந்தச் சத்தம் நமக்கு மனப்பாடம். உள்ளே என்ன போகிறது என்று யாரும் காட்டுவதில்லை. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவனைக் கேட்டுப்பாருங்கள். துப்பாக்கி தாத்தாவிடமிருந்து வரும். தோட்டாவை மட்டும் அவனேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மானுக்குத் துப்பாக்கியைத் தெரியாது. குண்டை மட்டும்தான் தெரியும்.

கொஞ்சம் டெக்னிக்கல். பயப்படாதீர்கள்.

மான் வேட்டைக்குப் பேர் போன லீவர் கார்பைன், படத்தில் வரும் 1873 மாடல் அல்ல. அதற்குத் தம்பி, ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894. கார்பைன் என்றால் குட்டைக் குழல் ரைபிள். 20 அங்குலம், குதிரைச் சேணத்தில் செருகிக்கொள்ளத் தோது. எழுபது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. அதற்கான தோட்டாவின் பெயர் தேர்ட்டி-தேர்ட்டி. முதல் முப்பது, அங்குலத்தில் நூறில் முப்பது பங்கு என்ற குழல் விட்டம். இரண்டாவது, 30 கிரெய்ன் மருந்து. கிரெய்ன் என்பது ஒரு பார்லி மணியின் எடை. நம்ம ஊர் ஆசாரி குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்ததுபோல.

இந்தத் துப்பாக்கியில் ஒரு சங்கடம். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அதில் தோட்டாக்கள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு, முன்னால் இருப்பதன் முதுகில். அந்த முதுகில்தான் தட்டினால் வெடிக்கும் மூடி இருக்கிறது. கூரான குண்டு போட்டால், சுடும்போது வருகிற உதைப்பில் மூக்கு மூடியைக் குத்தி, குழாயே வெடிக்கலாம். அதனால் சப்பை மூக்குக் குண்டு. சப்பை மூக்கு காற்றைக் கிழிக்காது, முட்டும். வேகம் சீக்கிரம் குறையும். நூறு கஜத்துக்குக் குறி வைத்துவிட்டு இருநூறு கஜத்தில் சுட்டால், குண்டு ஏழெட்டு அங்குலம் கீழே போகும். நெஞ்சுக்குக் குறி வைத்தால் காலில் படும். 2000-களின் நடுவில் ஹார்னடி என்ற கம்பெனி, மூக்கில் ரப்பர் போன்ற மெத்தென்ற நுனி வைத்துக் கூரான குண்டைக் கொண்டுவந்து இந்தச் சங்கடத்தைக் கொஞ்சம் குறைத்தது.

அடுத்தது, குண்டு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது. முழுக்கச் செம்புச் சட்டை போட்ட ராணுவக் குண்டு, விரியாமல் ஊசி மாதிரி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துவிடும். மான் ஓடிவிடும். எங்கேயோ ஒரு புதரில், யாரும் பார்க்காமல், மெதுவாகச் சாகும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் மான் வேட்டைக்கு இதைத் தடை செய்ததன் காரணம் இதுதான். ரொம்ப மெல்லிய குண்டோ தோலிலேயே சிதறி, காயத்தோடு நின்றுவிடும். நடுவில் ஒன்று வேண்டும். ஈய மூக்கு வெளியே தெரிகிற 150 அல்லது 170 கிரெய்ன் குண்டு, உள்ளே போய்க் காளான் மாதிரி விரியும். இதயம், நுரையீரல் பக்கம் பட்டால் சில வினாடிகளில் முடிந்துவிடும்.

இப்போது 'தி டீர் ஹன்டர்' படத்துக்கு வருகிறேன். மைக்கேல் சிமினோ, 1978, ஐந்து ஆஸ்கார். ராபர்ட் டி நீரோவுக்கு அதில் ஒரு கொள்கை. மானை ஒரே குண்டில் வீழ்த்த வேண்டும், இரண்டாவது குண்டு கேவலம். ஒரு காட்சியில் தோட்டாவைத் தூக்கிக் காட்டி நண்பனுக்குத் தத்துவம் சொல்கிறார். படம் எனக்குப் பிடிக்கும். வியட்நாமிலிருந்து திரும்பியபின் மானைக் குறி வைத்துவிட்டுக் கொல்லாமல் விடுகிற காட்சியில் தொண்டை அடைக்கும். ஆனாலும் ஒரு புகார். ஒரே குண்டு என்பதை மனிதனின் மன உறுதிக்குப் பரீட்சையாக மட்டுமே படம் பார்க்கிறது. நிஜத்தில் அதில் பாதி, வேட்டைக்கு முதல் நாள் கடையில் எந்தப் பெட்டியை வாங்கினான் என்பதில் இருக்கிறது. டைரக்டர் தோட்டாவை நம் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். அது ஈயமா செம்பா, விரியுமா விரியாதா என்று கேட்கத் தோன்றவில்லை. மானின் பக்கமிருந்து பார்த்திருந்தால் தோன்றியிருக்கும்.

மான் செத்ததோடும் விஷயம் முடிவதில்லை. வேட்டைக்காரன் குடலைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறான். அதில் ஈயத் துணுக்குகள். அதைத் தின்ன வருகிறது கலிஃபோர்னியாவின் கான்டர் கழுகு. 1982-ல் உலகத்தில் மிச்சமிருந்தவை 22 பறவைகள். காப்பாற்றப் பிடித்து வைத்து, பெருக்கி, வெளியே விட்டார்கள். மறுபடி ஈய விஷத்தில் செத்தன. 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்புக் குண்டு விலை அதிகம், விரிய வேகமும் வேண்டும். வேகம் குறைந்த தேர்ட்டி-தேர்ட்டிக்காகத் தனியாக வடிவமைக்க வேண்டியிருந்தது. ஒரு குண்டின் தேர்வில் இரண்டு பிராணிகளின் தலையெழுத்து.

இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப்பின் மானைச் சுட்டால் ஜெயில். ரொம்ப சரி. பின் நமக்கு எதற்கு இந்த ஞானம் என்கிறீர்களா? படம் பார்க்கத்தான். அடுத்தமுறை திரையில் ஒருவன் லீவரை இழுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காதீர்கள். கேமரா காட்டாத அந்த விரல் நீளச் சமாசாரத்தை நினைத்துப் பாருங்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்பது அதில்தான் இருக்கிறது.

மெரினா பலூனுக்கு எந்தக் குண்டு தோது என்று கேட்காதீர்கள். கடைக்காரர் கொடுப்பதுதான்.