நீர்க்களியின் பெருமையும் எல்லையும்

ஒரு பொருளின் பெருமையை அதன் தொழில்களின் தொகையால் அளப்பதா, அன்றி ஒரு தொழிலைச் செவ்வனே முடிக்கும் திறனால் அளப்பதா என்னும் வினா இலக்கியத்துக்கு மட்டுமன்று, விஞ்ஞானத்துக்கும் உரியது. ஐதரோஜெல் எனப்படும் நீர்க்களிகளைப் பற்றிய இக்கால ஆராய்ச்சிக் கட்டுரைகளிற் 'பல்தொழில் புரிவது' என்னும் அடைமொழி மலிந்து காணப்படுகின்றது. அவ்வடைமொழி எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயற்பாலது.

நீர்க்களியாவது யாது? நீரை விரும்பும் பல்பகுதியச் சங்கிலிகள் இடையிடையே குறுக்காகப் பிணைக்கப்பெற்று வலையாகி, நீரைத் தம்முள் அடக்கி நிற்பதே நீர்க்களியாம். சங்கிலிகள் நீரிற் கரைய முயல்கின்றன. பிணைப்புக்களோ அவற்றைக் கரையவிடாது தடுக்கின்றன. இவ்விரண்டும் சமநிலை எய்துமிடத்து வீக்கம் நின்றுவிடுகின்றது. பிணைப்பு மிகின் களி இறுகும், நீர் குறையும். பிணைப்புக் குறையின் நீர் மிகும், களி தளரும். ஒரு குணத்தைப் பெறப் பிறிதொரு குணத்தை விலையாகக் கொடுத்தல் வேண்டும் என்னும் நியதி இப்பொருளின் அமைப்பிலேயே உள்ளது.

பிராகு நகரத்து அறிஞர் ஒற்றோ விக்டர்லே, திரகோசிலாவ் லிம் என்னும் இருவரும் உயிருடலிற் பயன்படத்தக்க நீர்க்களிகளைப் பற்றி 1960ஆம் ஆண்டில் எழுதினர். மறு ஆண்டு நத்தார்க் காலத்தில் விக்டர்லே தம் வீட்டிலேயே, சிறுவர் விளையாட்டுக் கருவித் தொகுதியையும் சைக்கிள் விளக்கு டைனமோவையும் கொண்டு அமைத்த பொறியிற் சுழலும் அச்சுக்களில் மென்மையான கண்வில்லைகளை வார்த்தெடுத்தார். அவர் நாடியது ஒரே தொழில், அது கைகூடியது. எனினும் ஆங்கும் எல்லையொன்று இருந்தது. அவ்வில்லையினூடு ஒட்சிசன் செல்லும் வழி அதிலுள்ள நீரே. ஆதலாற் கண்ணுக்குச் செல்லும் ஒட்சிசனின் அளவு நீரின் அளவாற் கட்டுண்டது. சிலிக்கோன் கலந்த நீர்க்களி வில்லைகள் 1990களின் இறுதியில் வந்தபின்னரே அக்கட்டுத் தளர்ந்தது.

1978இல் தொயோயிச்சி தனாக்கா, வெப்பநிலையோ கரைப்பானின் கலவையோ சிறிது மாறியவிடத்துக் களி திடீரெனப் பெரிதும் சுருங்குதலைக் காட்டினார். 'உணர்ந்து இயங்கும் களி' என்னும் எண்ணத்துக்கு இது வலுவூட்டியது. குருதியிற் சர்க்கரை மிகும்போது தானே இன்சுலினை விடும் களி எனப் பல திட்டங்கள் கூறப்பட்டன. ஆயின் களி வீங்க எடுக்கும் காலம் அதன் பருமனளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. தடிப்புப் பத்து மடங்காயின் காலம் நூறு மடங்காகும். மயிரிழை போன்ற துண்டில் நொடியில் நிகழ்வது பெருந்துண்டில் நாட்கணக்காகலாம். துண்டின் அளவைக் கூறாது 'விரைவில் இயங்கும்' என்று புகழ்வது நிறையற்ற புகழ்ச்சியேயாம்.

வலிமையின் வரலாறும் இத்தகையதே. யப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் யியன் பிங் கொங் குழுவினர் 2003இல் இரட்டை வலைக் களியை ஆக்கினர். நொய்ய முதல் வலை உடைந்து விசையை ஏற்க, நெகிழும் இரண்டாம் வலை பிளவு பரவாது காக்கின்றது. போற்றத்தக்க அறிவு இது! ஆயினும் உடைந்த முதல் வலை மீளக் கூடுவதில்லை. ஒரு முறை பெருஞ்சுமை தாங்கிய களி பின்னர் முன்போல் இருப்பதில்லை. 2012இல் அல்ஜினேற்றும் பொலிஅக்ரிலமைட்டும் சேர்ந்த களியொன்று, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீராகவே இருந்தும், தன் நீளத்தின் இருபது மடங்குக்கு மேல் நீண்டது. அதன் பிணைப்புக்களுட் சில பிரிந்து மீளவும் கூடுந் தன்மையின. முன்னைய குறையைக் கண்டு அதனை நேர் நின்று எதிர்த்தமையே இதன் சிறப்பு.

குழந்தைகளின் அணையாடையிலுள்ள சோடியம் பொலிஅக்ரிலேற்றும் ஒரு பாடம் புகட்டுகின்றது. காய்ச்சி வடித்த நீரில் தன் நிறையின் பன்னூறு மடங்கை உறிஞ்சும் அப்பொருள், உப்புநீரிற் சில பத்து மடங்கையே உறிஞ்சுகின்றது. கரைந்த உப்பு, வீக்கத்தைத் தூண்டும் பிரசாரண அமுக்க வேறுபாட்டைக் குறைத்துவிடுதலே காரணம். வயலின் நீரும் உடலின் நீரும் காய்ச்சி வடித்தவை அல்ல. முதல் எண்ணை மட்டும் நம்பி உழவன் வாங்குவானாயின் நட்டம் அவனுடையதே. நோயாளியின் நிலையோ அதனினும் கொடிது.

ஆகவே, 'பல்தொழில்' என்னும் புகழ்மொழியைக் கேட்குந்தோறும் மூன்று வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். அத்தொழில்கள் யாவும் ஒரே துண்டில், ஒரே வேளையில் நிகழ்ந்தனவா? எத்தகைய நீரில், எவ்வளவு பருமனில் அளக்கப்பட்டன? நூறாம் முறையிலும் முதல் முறையின் பயன் நிலைத்ததா? இவற்றுக்கு விடை தரும் ஆராய்ச்சி அடைமொழியின்றியும் நிற்கும். தராததை எத்தனை அடைமொழிகளும் தாங்கா. விஞ்ஞானம் பயிலும் மாணவர் வியத்தலோடு வினாவுதலையும் கற்பாராயின், அதுவே இத்துறைக்கு அவர் ஆற்றும் முதற்றொண்டாகும்.