வாயை மூடிக்கொண்டு யோசி!

புழல் என்றால் உங்களுக்கு ஏரியும் ஜெயிலும்தான் ஞாபகம் வரும். எனக்கு அங்கே ஒரு மளிகைக் கடை வாசல். போன மாதம் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டுச் சிறுமி, மூன்றாம் வகுப்பு, நூறு ரூபாய் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பால் பாக்கெட், நாலு முட்டை. உதடு மட்டும் அசைகிறது. ‘பாலு நாப்பது, முட்டை இருபத்திநாலு, அறுபத்திநாலு. எழுபதுக்கு ஆறு, நூறுக்கு முப்பது.’ கடைக்காரர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள், ‘மீதி முப்பத்தாறு குடுங்க அண்ணாச்சி’ என்றுவிட்டாள்.

சாயங்காலம் அவள் நோட்டில் 100-லிருந்து 64-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடன் வாங்கி, 46 என்று கொண்டுவந்து நீட்டினாள். ‘காலையில கடையில கரெக்டா சொன்னியே?’ என்றால், ‘அது வாயால போட்டது அங்கிள். கிளாஸ்ல வாயத் தொறந்தா மிஸ்ஸு திட்டுவாங்க’ என்கிறாள்.

அன்று ராத்திரி வைகாட்ஸ்கியின் ‘சிந்தனையும் மொழியும்’ புத்தகத்தை மறுபடி எடுத்தேன். லெவ் வைகாட்ஸ்கி சோவியத் உளவியலாளர். 1934-ல் காசநோயில் இறந்தபோது வயது 37. அதே வருடம் புத்தகம் வெளியானது. ஆங்கிலத்தில் வர 1962 ஆயிற்று.

சின்னக் குழந்தைகள் தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் கோணம் இன்னும் பிடிபடாததன் அடையாளம் அது, வளர வளர உதிர்ந்துவிடும் என்று ஸ்விட்சர்லாந்தின் பியாஜே எழுதியிருந்தார். உதிர்வதில்லை, உள்ளே போகிறது என்றார் வைகாட்ஸ்கி. படம் வரையும் குழந்தைகளிடம் வேண்டுமென்றே பேப்பரையோ பென்சிலையோ இல்லாமல் பண்ணிப் பார்த்தார். முணுமுணுப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. சிக்கல் வந்தால் பேச்சு வருகிறது. அந்தப் பேச்சுதான் யோசனை. பெரியவர்கள் நாம் அதைச் சத்தமில்லாமல் செய்கிறோம், அவ்வளவே. (சாவியைத் தொலைத்த அன்று உங்களைக் கவனித்துப் பாருங்கள். சத்தமாகவே செய்வீர்கள்.)

புத்தகத்தில் குறை இல்லையா? உண்டு. எத்தனை குழந்தைகள், என்ன கணக்கு என்பதையெல்லாம் போகிற போக்கில் தாண்டிவிடுகிறார். இன்றைய ஆய்வு இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும். எழுத்து என்பது பேச்சின் நகல் அல்ல, அது தனி வித்தை என்று அழகாகச் சொல்கிறார். ஆனால் ‘நாப்பது’ என்று யோசித்து ‘நாற்பது’ என்று எழுதவேண்டிய நம் பிள்ளைக்கு அந்தத் தாண்டல் இன்னும் ஒரு முழம் அகலம். அவள் அந்தப் புத்தகத்தில் இல்லை.

முணுமுணுப்பே போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2025-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கடையில் மனக்கணக்காக அசத்துகிறவர்கள், அதையே பள்ளிக்கூடப் பாணியில் கேட்டால் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் கடைக்கணக்கில் திணறினார்கள். இரண்டு கரை இருக்கிறது, பாலம் இல்லை.

அந்தப் பாலத்துக்கு முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க, எட்டு வயதுக்குள் எல்லோருக்கும் எண்ணும் எழுத்தும் என்று 2022 ஜூன் 13 அன்று தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. தொடங்கிய இடம் புழலுக்கு வடக்கே, செங்குன்றம் பக்கத்து அழிஞ்சிவாக்கம் பள்ளி. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள், பாட்டு, விளையாட்டு. நல்லது. ஆனால் பாட்டு என்பது கோரஸ். யோசனை தனிக்குரல். முப்பது பிள்ளைகளின் தனிக்குரல் சேர்ந்தால் இரைச்சல்தான். அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும் வகுப்பறை வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுப்பாடத்தின்போது ‘பேசாமப் போடு’ என்பதை விட்டுவிட்டு, ‘எப்படி வந்துச்சு, சொல்லு’ என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுத வையுங்கள்.

நான் செய்தேன். 64-லிருந்து 70-க்கு 6, 70-லிருந்து 100-க்கு 30. பார்த்தவள் 46-ஐ அவளாகவே அழித்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: ‘இப்படி எழுதினா மார்க் போடுவாங்களா அங்கிள்?’

உங்களில் ஆசிரியர்கள் இருந்தால், நீங்களே அவளுக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.